அறுபத்திரண்டாம் எண் வாட்ச்

எங்கள் ஏலக் கம்பெனி அந்த வருஷம் அச்சடித்த வாட்ச் புத்தகத்தைப் புரட்டினால், அறுபத்தொன்றுக்கு அடுத்து அறுபத்துமூன்று வரும். நடுவில் ஓர் எண் இல்லை. புரட்டுகிறவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. படத்தைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள், அடுத்த பக்கம் போய்விடுவார்கள். அந்த இடத்தில் ஒரு மனிதர் இருந்திருக்க வேண்டும். அவர் இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம்.

அவர் கார் ஓட்டியவர். ஒரே முதலாளிக்கு முப்பத்தொரு வருஷம் ஓட்டினார். எங்கள் கம்பெனியில் எல்லோரும் அவரை டிரைவர் ஐயா என்றுதான் சொன்னோம். எழுபத்து நான்கு வயது, ஒல்லியான உடம்பு, முழுக்கைச் சட்டை. கதவுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார். யாராவது உள்ளே வந்தால் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போய்விடும்.

அந்தக் கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலை எனக்கு. அப்போது பதினாறு வருஷம் ஆகியிருந்தது. காலையில் போனதும் ஜன்னல் ஓரமாக ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத்தான் வாளியை எடுப்பேன். அதைப் பார்த்துவிட்டு யாரோ ஒருநாள் ‘சாமியம்மா’ என்று கூப்பிட்டார்கள். அப்படியே ஒட்டிக்கொண்டது. யார் வீட்டில் உடம்பு சரியில்லை என்றாலும் ‘சாமியம்மா, ஒரு வார்த்தை வேண்டிக்கோங்க’ என்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது.

வருஷத்துக்கு இரண்டு முறை பழைய கைக்கடிகாரங்கள் ஏலத்துக்கு வரும். நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் செய்தவை, பேட்டரி இல்லாமல் சாவி கொடுத்தால் ஓடுபவை, உலகத்தில் எண்ணிச் சொல்லக்கூடிய அளவே மிச்சம் இருப்பவை. முதல்முறை அதில் ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டு வீட்டில் போய்ச் சொன்னேன். “அவ்வளவு குடுத்து வாங்குறவனுக்கு மணி பாக்க நேரம் இருக்குமா?” என்றார் என் வீட்டுக்காரர்.

டிரைவர் ஐயாவின் வாட்ச் அந்த வகைதான். அது அவர் கைக்கு வந்த கதையை அவர் வாயாலேயே கேட்டேன். ஆனால் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை.

அவருடைய முதலாளி மருந்துக் கம்பெனி நடத்தியவர். நல்லவர், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். ஒருநாள் வெளிநாட்டு ஆட்களோடு பெரிய கூட்டம். டிரைவர் ஐயா வழக்கம்போல கால் மணி நேரம் முன்னாலேயே வண்டியை வாசலில் நிறுத்திக் காத்திருந்திருக்கிறார். முதலாளி ஆடி அசைந்து இறங்கி வந்தார். போய்ச் சேர்ந்தபோது கூட்டம் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அங்கேயே வாசலில், கோட்டுப் போட்ட ஆட்கள் நடுவில், “உனக்கு மணி பாக்கத் தெரியாதா? மாடு மேய்க்கப் போக வேண்டியவனையெல்லாம் வண்டியில ஏத்தினா இப்படித்தான்” என்று கத்திவிட்டு உள்ளே போனாராம்.

டிரைவர் ஐயா வண்டியைத் திருப்பி நிறுத்தப் போய்விட்டார். தப்பு முதலாளியின் கையில் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் வாங்கிய புது வாட்ச். முதல்நாள் சாவி கொடுக்க மறந்துவிட்டார். அது காலையிலேயே நின்றுபோயிருக்கிறது. உள்ளே போய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது.

கூட்டம் முடிந்து திரும்பினார்கள். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் பின் சீட்டில் இருந்து ஒரு கை முன்னால் நீண்டது. அதில் அந்த வாட்ச். “பிடி. இனிமே உன் மணிதான் எனக்கு மணி” என்றாராம். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல் அவருக்கு வராது, அதனால் வாட்சைக் கொடுத்திருக்கிறார்.

டிரைவர் ஐயா அதை ஒரே ஒருநாள்தான் கட்டினார். மறுநாள் முதலாளியின் தம்பி அவர் கையைப் பார்த்து, “என்னப்பா, இது எங்க எடுத்தே?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். முதலாளி அன்றைக்கு ஊரில் இல்லை. வீட்டுக்கு வந்து கழற்றியவர் அப்புறம் கட்டவே இல்லை. அலமாரியில் சட்டை மடிப்புக்கு நடுவே வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்துச் சாவி கொடுப்பார். ஒரு மழைக்காலத்தில் அலமாரிக்குள் ஈரம் இறங்கி முகப்பில் பழுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன. முதுகுப் பக்கம் மட்டும் வாங்கிய அன்று இருந்ததுபோலவே பளபளவென்று இருந்தது. தோல் பட்டது மூன்று வாரமும் ஒருநாளும்தானே.

முப்பத்தெட்டு வருஷம் அப்படியே இருந்ததை வெளியே எடுத்தது அவர் மாப்பிள்ளை. அதே மாதிரி ஒன்று ஏலத்துக்கு வந்திருப்பதைப் போனில் பார்த்துவிட்டு, “மாமா அலமாரியில ஒரு வீடே தூங்குது, நாம வாடகை குடுத்துட்டு இருக்கோம்” என்று துள்ளினாராம். கூடவே ஒரு கிண்டலும்: “ஆமா, முதலாளி குடுத்தாரா, இல்ல மாமாவே பத்திரமா எடுத்து வச்சுக்கிட்டாரா?” எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் ஐயாவும் சிரித்தார். ஆனால் மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் கம்பெனிக்கு வந்துவிட்டார்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. ஏலப் புத்தகத்தில் ஒவ்வொரு வாட்சுக்கும் கீழே அது யாரிடமிருந்து யாரிடம் போனது என்று அச்சடிப்போம். “முதலாளி தன் ஓட்டுநருக்குக் குடுத்ததுன்னு அதுல போடுவீங்கல்ல?” என்று மூன்று தடவை கேட்டார். “அச்சுல வந்துட்டா அப்புறம் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க சார்.” முதலாளியும் இல்லை, தம்பியும் இல்லை, கேட்கவும் ஆளில்லை. ஆனாலும் அவருக்கு அந்த வரி வேண்டும்.

இனி என் பங்கு.

அந்த ஏலத்துக்கு ஒரே கம்பெனி, ஒரே வகை வாட்ச் மூன்று வந்திருந்தன. ரிப்பேர் அண்ணன் மூன்றின் பின்மூடியையும் திருகித் திறந்து, உள்ளே இருக்கிற இயந்திரத்தைப் படம் எடுக்கக் கொடுத்தார். மூடிகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாம் என்று தட்டில் வைத்துவிட்டுப் போனார். வெல்வெட் துணி ஒட்டிய தட்டு; ஒவ்வொரு வாட்சும் ஒரு குழியில், பக்கத்துக் குழியில் அதன் மூடி. பெருக்குகிறவர்கள் தட்டைத் தொடக் கூடாது. இது முதல் நாளே சொல்லப்பட்ட விதி.

மேசையில் தேநீர்க் கோப்பையின் வட்டம் ஒன்று காய்ந்து கிடந்தது. அது பாதி தட்டுக்கு அடியில் இருந்தது. எனக்குக் கறை இருந்தால் கை சும்மா இருக்காது. நாலு விரல் அளவுதானே என்று தட்டைத் தள்ளினேன். ஓரம் மேசைமேல் துருத்திக்கொண்டிருந்த திருகாணியில் தட்டிச் சாய்ந்தது. வாட்சுகள் குழியிலேயே இருந்தன. மூன்று மூடியும் வழுக்கி ஒரு மூலையில் வந்து ஒன்றோடொன்று இடித்து நின்றன.

மூடிக்கு ஒன்றாக உள்பக்கம் எண் பொறித்திருந்தது. எண் படிக்க எனக்குத் தெரியும். எந்த எண் எந்த வாட்சுக்கு என்றுதான் தெரியாது. ரிப்பேர் அண்ணன் வரும்வரை காத்திருந்து, “அண்ணா, தட்டைத் தள்ளிட்டேன்” என்று சொல்லியிருந்தால் திட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. நானே அடுக்கினேன்.

ஒரு மூடியில் ஆழமான கீறல். அது கண்ணாடி கீறியிருந்த வாட்சோடு சேர்ந்தது என்று வைத்தேன். அது சரியாகத்தான் இருந்தது. மீதி இரண்டில் ஒன்று மங்கிப்போனது, ஒன்று பளபளப்பு. மீதி வாட்சுகளில் ஒன்றின் முகம் பழுப்புப் புள்ளி விழுந்து கிழடு தட்டியிருந்தது. இன்னொன்றின் முகம் வெள்ளை வெளேரென்று இருந்தது. கிழட்டு முகத்துக்கு மங்கிய மூடி, வெள்ளை முகத்துக்குப் பளபள மூடி என்று வைத்துவிட்டு, கறையையும் துடைத்துவிட்டு வந்தேன். முகத்தைப் பார்த்து முதுகை முடிவு செய்துவிட்டேன்.

வெள்ளை முகம் ஒரு பெரிய பணக்காரரின் வாட்ச். வருஷக் கணக்காகக் கட்டித் தேய்ந்தது. முகப்பை மட்டும் புதிதாக மாற்றியிருந்தார்கள். கிழட்டு முகம் டிரைவர் ஐயாவுடையது.

இரண்டு நாள் கழித்து லென்ஸ் சார் படங்களைப் பார்த்தார். அவர்தான் வாட்சுகளைச் சோதித்துப் புத்தகத்தில் எழுதுகிறவர். எந்நேரமும் ஒரு கண்ணில் லென்ஸ் இருப்பதால் அந்தப் பெயர். டிரைவர் ஐயாவின் அறுபத்திரண்டாம் எண்ணில் உடம்பின் எண் வேறு, மூடியின் எண் வேறு. “உடம்பு ஒண்ணு, முதுகு ஒண்ணு” என்று முணுமுணுத்தார். “திருட்டு வாட்சுலதான் இப்படி மூடியை மாத்துவாங்க” என்றார் ரிப்பேர் அண்ணன். பணக்காரர் வாட்சுக்குக் கடை ரசீது, உத்தரவாதக் காகிதம் எல்லாம் இருந்ததால் அதன் மூடியின் எண்ணை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை. மறுபடி திறக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை டிரைவர் ஐயாவையும் மகளையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். நான்தான் தண்ணீர் கொண்டுபோனேன். லென்ஸ் சார் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

“ஐயா, இதை இதுக்கு முன்னாடி யாராவது திறந்தாங்களா?”

“இல்லைங்க. சர்வீசுக்குக்கூடக் குடுத்ததில்ல. வாரத்துக்கு ஒருநாள் சாவி குடுப்பேன், அவ்வளவுதான்.”

“அப்போ மூடி எப்படி மாறியிருக்கும்?”

“மூடியா? மூடி மாறியிருக்கா?” அவர் மகளைப் பார்த்தார், மறுபடி லென்ஸ் சாரைப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் புரியலைங்களே.”

“உங்களுக்குக் குடுத்தாருங்கறதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?”

“கையில இருந்து கழட்டி என் கையில வச்சாருங்க. அதை எப்படி எழுத்துல வைக்கிறது?”

“தப்பா எடுத்துக்காதீங்க. இப்படி இருக்கும்போது எங்களால இதை ஏலத்துல வைக்க முடியாது. அந்த வரியையும் போட முடியாது.”

மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். திடீரென்று, தலையைத் தூக்காமல், “அப்பா, நெஜமாவே அவரேதான் குடுத்தாராப்பா?” என்று கேட்டாள்.

டிரைவர் ஐயா கையை நீட்டினார். நான் வைத்த தண்ணீரை எடுத்து முழுவதும் குடித்தார். டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தார். “வாம்மா, போலாம்” என்று எழுந்து, பழக்கத்தில் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார், மகள் முதலில் போகட்டும் என்று. நான் காலித் தட்டோடு சுவர் ஓரமாக நின்றேன். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மங்கிய மூடி, பளபள மூடி எல்லாம் கண் முன்னால் வந்துவிட்டது.

அவர்கள் போன பிறகு லென்ஸ் சாருக்கு மனசு கேட்கவில்லை போல. வெளியே வந்து ரிப்பேர் அண்ணனிடம் விசாரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “சாமியம்மா, அன்னிக்கு நீங்கதானே மேசை துடைச்சீங்க? தட்டு வச்சது வச்சபடிதானே இருந்துச்சு?”

“வச்சபடிதாங்க சார் இருந்துச்சு.”

வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது! யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. மூச்சு விடுவதுபோல வந்தது.

“சாமியம்மாவே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன சார்?” என்றார் ரிப்பேர் அண்ணன். லென்ஸ் சாரும் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். முப்பத்தொரு வருஷம் வண்டி ஓட்டியவர் பேச்சை நம்ப எழுத்து வேண்டியிருந்தது. என் பேச்சுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் ஓரத்தில் கண்ணை மூடி நின்றது போதுமாக இருந்தது.

புத்தகம் அச்சுக்குப் போயிற்று. பக்கம் கட்டி முடித்துவிட்டதால் மற்ற எண்களை மாற்றாமல் அறுபத்திரண்டை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

அந்த நாட்களில் நான் கும்பிட்டதெல்லாம் கும்பிடே இல்லை. கண்ணை மூடினால் அந்தத் தண்ணீர் டம்ளர்தான் வரும். வீட்டில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பேன். “என்ன, இந்த வாரம் மனு ரொம்ப நீளமா இருக்கே? கடவுளுக்கு வேற வீடுங்களும் இருக்கு, அவரைக் கொஞ்சம் விடு” என்று கிண்டல் செய்தார் என் வீட்டுக்காரர். அவரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. சாமியம்மா என்ற பேர் போய்விடும் என்றுதான் அதிகம் பயந்தேன்.

எட்டாவது நாள் டிரைவர் ஐயா தனியாக வந்தார். வாட்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக. முன்மேசைப் பெண், “ஒப்படைச்சப்போ கையெழுத்துப் போட்டது உங்க மகதான் ஐயா. அவங்க வந்தாத்தான் குடுக்க முடியும்” என்றாள்.

“அவ வரமாட்டேங்குறாம்மா” என்றார். அதற்கு மேல் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. படிக்கட்டுப் பக்கம் வந்து, துடைத்த ஈரம் காயட்டும் என்று சுவரைப் பிடித்தபடி நின்றார். படியில் நான் இருந்தேன்.

“மிதிச்சுட்டு வாங்கய்யா, பரவாயில்ல.”

“வேணாம்மா. கஷ்டப்பட்டுத் துடைச்சிருக்கீங்க.” பிறகு, “உங்களைத்தானே சாமியம்மான்னு சொல்றாங்க?” என்றார்.

“ஆமாங்கய்யா.”

“எனக்காக ஒண்ணு வேண்டிக்குவீங்களா? பொருள் போனா போகட்டும். என் மக என்கிட்ட ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்ல பேசி எட்டு நாளாச்சு. சோறு வைக்கிறா, தண்ணி வைக்கிறா, மூஞ்சியைப் பாக்க மாட்டேங்குறா. உண்மை என்னன்னு அவனுக்குத் தெரியுமில்ல? மேல இருக்கறவனுக்கு. அதை எப்படியாவது அவளுக்குத் தெரியவைக்கச் சொல்லி வேண்டிக்கோங்கம்மா. நீங்க கேட்டா குடுப்பான்.”

“வேண்டிக்கிறேங்கய்யா” என்றேன்.

அப்போதும் சொல்லவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது. அவர் படியின் ஓரமாக, ஈரத்தில் கால் படாமல், ஒவ்வொரு படியாக இறங்கிப் போவதை வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போய்க் கும்பிட உட்கார்ந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. கடவுளிடம் கேட்க அதில் என்ன இருக்கிறது? அது என்னிடம் கேட்க வேண்டியது. அவர் என்னிடம்தான் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் காலை லென்ஸ் சார் வந்து பையை வைப்பதற்குள் அவர் மேசை முன்னால் போய் நின்றேன். தட்டு, கறை, திருகாணி, மூன்று மூடி, மங்கியது, பளபளப்பு எல்லாவற்றையும் சொன்னேன். “நீங்க கேட்டப்போ பொய் சொன்னேன் சார்” என்றும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. கண்ணில் இருந்த லென்ஸைக் கழற்றி மேசையில் வைத்தார். பார்வைக்கு வைக்கத் தயாராக இருந்த பணக்காரர் வாட்சை எடுத்துவரச் சொல்லி, ரிப்பேர் அண்ணனைத் திறக்க வைத்தார். மூடி பளபளவென்று வந்தது. அதன் உள்ளே இருந்த எண்ணை ஒருமுறை படித்தார், டிரைவர் ஐயா வாட்சின் உடம்பில் இருந்த எண்ணை ஒருமுறை படித்தார். “இதை அன்னிக்கே நான் திறந்திருக்கணும்” என்றார் மெதுவாக. “காகிதம் இருக்குன்னு விட்டுட்டேன்.”

மேனேஜர் அம்மா விஷயம் வெளியே போகக் கூடாது என்றார். பிறகு என்னைப் பார்த்து, “வேற யாரா இருந்தாலும் மறைச்சிருப்பாங்க. சாமியம்மாவா இருக்கப்போய் தானா வந்து சொன்னாங்க” என்றார். வேலையும் போகவில்லை. பேரும் போகவில்லை. ஒன்பது நாள் மறைத்தவளுக்குப் பாராட்டு. தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

“அவங்க வீட்டுக்கு நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்” என்றார் லென்ஸ் சார். “நானும் வர்றேன் சார்” என்றேன்.

இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. வாசலில் செருப்புகள் எல்லாம் ஒரே திசை பார்த்து வண்டி நிறுத்தியதுபோல வரிசையாக இருந்தன. அது யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். மகள்தான் கதவைத் திறந்தாள். டிரைவர் ஐயா லென்ஸ் சாரைக் கண்டதும் எழுந்து நின்றார். எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. அவர் நிற்க, நாங்களும் நின்றோம்.

லென்ஸ் சார் தொடங்குவதற்குள் நான் மகளிடம் சொன்னேன். “உங்கப்பா சொன்னது அத்தனையும் நெஜம்மா. மூடியை மாத்தி வச்சது நான். கேட்டப்போ இல்லேன்னு சொன்னதும் நான்.” மீதியையும் சொன்னேன்.

மாப்பிள்ளை உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்து, “அப்போ மாமா மேல தப்பில்லையா? அடடா, நான் வேற ஊரெல்லாம் சொல்லிட்டேனே” என்று சிரிக்கப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒன்பது நாள்” என்றாள். “நீங்க ஒன்பது நாள் வாயைத் திறக்கல. நானும் எங்கப்பாகிட்ட ஒன்பது நாள் வாயைத் திறக்கல.” அப்புறம் அப்பாவைக் காட்டினாள். “எனக்கு அஞ்சு வயசுல காய்ச்சல் வந்தப்போ, முதலாளி வண்டியில ஏத்திட்டுப் போனா தப்புன்னு என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனவரு. அவரைப் போயி நான் கேட்டேனே...”

“விடும்மா” என்றார் டிரைவர் ஐயா. “அவங்க தெரியாம செஞ்சுட்டாங்க. நீயும் தெரியாம கேட்டுட்டே.”

“தெரியாம செஞ்சது தட்டைத் தள்ளினதுதாங்கய்யா” என்றேன். “பொய் சொன்னது தெரிஞ்சுதான். நேத்து நீங்க படியில நின்னு கேட்டப்போ பேசாம இருந்ததும் தெரிஞ்சுதான்.”

அதற்கு அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லாதது நல்லது என்றுதான் பட்டது. சொல்லியிருந்தால் அதையும் ஒரு பாராட்டுபோல வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

புத்தகம் அச்சாகிவிட்டதால் ஒரு துண்டுச் சீட்டு அடித்து ஒவ்வொரு புத்தகத்திலும் செருகுவோம் என்றார் லென்ஸ் சார். “அந்த வரியை நீங்களே சொல்லுங்க. அப்படியே போட்டுடறேன்.”

டிரைவர் ஐயா சுவரில் சாய்ந்துகொண்டார். அப்போதுதான் வாசலில் வாங்கிய திட்டு, நின்றுபோன வாட்ச், பின் சீட்டிலிருந்து நீண்ட கை எல்லாவற்றையும் எங்களுக்குச் சொன்னார். மகளுக்கே அது புதுசு. கடைசியில், “‘தப்பாகத் திட்டிவிட்டதற்காக முதலாளி தன் ஓட்டுநருக்குக் கழற்றிக் கொடுத்தது’ன்னு போடலாமா?” என்றார். லென்ஸ் சார் எழுதிக்கொண்டார். அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “வேணாம் சார், திட்டினதை அடிச்சிடுங்க. அவரு இல்லாத நேரத்துல அவரு பேரு கெட வேணாம். ‘கொடுத்தது’ன்னு மட்டும் இருக்கட்டும்” என்றார்.

என் தலை தானாகக் குனிந்துவிட்டது.

ஏலம் பகல் பதினோரு மணிக்கு. டிரைவர் ஐயாவும் மகளும் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அறுபத்தொன்று முடிந்ததும் ஏலம் கூறுபவர் துண்டுச் சீட்டை எடுத்து உரக்கப் படித்தார்: “முதலாளி தன் ஓட்டுநருக்குக் கொடுத்தது. இப்போது அந்த ஓட்டுநரே விற்பனைக்கு வைக்கிறார். பின்மூடி குறித்த ஐயம் பணியாளர் கவனக்குறைவால் நேர்ந்தது, சரி செய்யப்பட்டது.” டிரைவர் ஐயா முழங்காலில் கை வைத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் அவர் கையைப் பிடித்திருந்தாள். விலை கேட்கிற அட்டைகள் மேலே போயின, சுத்தியல் தட்டியது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

“முடிஞ்சிருச்சா?” என்று மகளிடம் கேட்டார்.

ஏலம் முடிந்து கூட்டம் கலைந்ததும் நான் துடைப்பத்தோடு உள்ளே போனேன். ஒட்டாமல் செருகிய சீட்டுகள்தானே. புத்தகத்தைப் புரட்டியபோது நழுவி நாற்காலிகளுக்கு அடியில் விழுந்து கிடந்தன. பலவற்றின் மேல் செருப்புத் தடம். அவர் கேட்ட அந்த ஒரு வரியை நானே பெருக்கித் தள்ள வேண்டும். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

கதவு பக்கம் நிழல் தெரிந்தது. அவர்கள் இன்னும் போகவில்லை. டிரைவர் ஐயா வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, எதிர் வரிசையில் பொறுக்க ஆரம்பித்தார்.

“ஐயா, நீங்க விடுங்க. இது என் வேலை.”

“ரெண்டு பேரா எடுத்தா சீக்கிரம் முடியும்” என்றார்.

மகள் சற்று நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு அவளும் குனிந்தாள். எல்லாம் எடுத்த பிறகு, தடம் படாத ஒன்றாகப் பார்த்து எடுத்து அவரிடம் கொடுத்தேன். மடிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது, “வர்றேம்மா” என்றார். சாமியம்மா என்று சொல்லவில்லை.

மீதிச் சீட்டுகள் இப்போதும் என் வீட்டில் ஓர் உறைக்குள் இருக்கின்றன. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் கடைசி வரியில் கண் நிற்கிறது. பணியாளர் கவனக்குறைவு என்று அச்சில் இருக்கிறது. அது சரியில்லை. தட்டு நழுவியதுதான் கவனக்குறைவு. அந்த ஒன்பது நாளும் நான் மிகுந்த கவனத்தோடுதான் இருந்தேன்.